குச்சியில் சுட்ட மீனும் ஒரு நீண்ட கோர்ட் கேஸும்

மீனைக் கீறி, குச்சியில் செருகி, நெருப்புப் பக்கத்துல சாய்ச்சு வைக்கிறதுல என்ன பெரிய வரலாறு இருந்துடப் போகுது? மிஞ்சிப் போனா ஒரு சமையல் குறிப்பு தேறும், அவ்வளவுதானேன்னு நீங்க கேக்கலாம். ஆனா அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கொலம்பியா ஆத்தங்கரையிலும் அதுக்கு வடக்கே சியாட்டில் பக்கத்து ஆறுகளிலும், இந்த ஒரு சமாச்சாரத்துக்காக நூறு வருஷத்துக்கு மேல வழக்கு நடந்திருக்கு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் பல தடவை போயிருக்கு. பதினாலு வயசுப் பையன் கைதாகியிருக்கான். 'காட்ஃபாதர்' மார்லன் பிராண்டோகூட இதுக்காகப் போலீஸ்ல மாட்டியிருக்கார் (அப்போ இன்னும் காட்ஃபாதர் ஆகலை, அது 1972).

நான் பொட்டி தட்டுற ஊர் போர்ட்லாண்ட். இங்கே இருந்து ஐ-84 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினா செலைலோ என்ற இடம் வரும். அங்கே பார்க்கிறதுக்கு எதுவுமே கிடையாது. ஒரு பார்க், ஒரு ரயில் பாலம், குளம் மாதிரி அசையாம கிடக்கிற ஆறு. அந்த 'எதுவுமே இல்லை' பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெருசாப் போகும், ஆணி அதிகம் இருக்கறவங்க வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கங்க.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. மனுஷன் எப்போ மீனைச் சுட ஆரம்பிச்சான்னு கண்டுபிடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. மாட்டெலும்பு மாதிரி மீனெலும்பு மண்ணுக்குள்ள தாங்காது, கரைஞ்சுடும். 2022ல் இஸ்ரேலில், ஜோர்டான் ஆத்தங்கரையில் ஒரு இடத்தை ஆராய்ஞ்சவங்க எலும்பை விட்டுட்டுப் பல்லைப் பிடிச்சாங்க. கெண்டை வகை மீனோட தொண்டைப் பற்கள். அதன் எனாமல் படிகங்கள் எவ்வளவு சூடு பட்டிருக்குன்னு எக்ஸ்ரே வெச்சுப் பார்த்ததுல, 500 டிகிரிக்கும் கீழே, அளவான சூட்டில் வெந்திருக்குன்னு தெரிஞ்சது. குப்பையோடு நெருப்புல போட்டிருந்தா இதைவிட அதிகமா எரிஞ்சிருக்கும். அந்தப் பற்களோட வயசு சுமார் 7,80,000 வருஷம். நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸே அப்போ பொறக்கலை!

சால்மன் கதை அவ்வளவு பழசு இல்லை. அலாஸ்காவின் உள்பகுதியில் 'அப்வர்ட் சன் ரிவர்' என்ற இடத்தில் சுமார் 11,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு அடுப்புக் குழி. அதுக்குள்ள கிடந்த மீனெலும்புகளை டி.என்.ஏ. சோதனை செஞ்சு, சம் என்ற சால்மன் வகைதான்னு 2015ல் உறுதிப்படுத்தினாங்க. அந்த இடம் கடலில் இருந்து ஆத்து வழியா 1,400 கிலோமீட்டர் உள்ளே. அந்த மீன் அவ்வளவு தூரம் எதிர்நீச்சல் போட்டு வந்து, கடைசியில யாரோட அடுப்புலயோ முடிஞ்சிருக்கு. பாவம்.

நம்ம கொலம்பியாவுக்கு வருவோம். செலைலோவுக்குக் கொஞ்சம் கீழே, 'த டால்ஸ்' ஊருக்குப் பக்கத்தில், 1950களில் லூதர் கிரெஸ்மன் என்ற தொல்லியலாளர் தோண்டினார். லட்சத்துக்கும் மேல சால்மன் முதுகெலும்புத் துண்டுகள் கிடைச்சது. வயசு ஏழாயிரம் முதல் ஒன்பதாயிரம் வருஷம் வரைக்கும். "இது மனுஷன் சாப்பிட்டுப் போட்டதா, இல்லை தானா செத்து ஒதுங்கின மீனா?" என்று ரொம்ப நாள் சண்டை நடந்தது. வர்ஜினியா பட்லர் 1993ல் அந்த எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்த்து, மனுஷன் கைவேலைதான் என்று எழுதினார்.

எப்படிச் சுட்டாங்கன்னு சொல்லலைன்னா அடிக்க வருவீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன்.

கடற்கரைப் பக்கம் இன்னைக்கும் செய்யற முறை இது. சால்மனின் தலையையும் முதுகெலும்பையும் எடுத்துட்டு, புஸ்தகத்தை விரிச்ச மாதிரி தட்டையா விரிக்கணும். செடார் மரக் குச்சி ஒண்ணை எடுத்து நீளவாக்கில் பிளந்து, அந்தப் பிளவுக்குள்ள மீனைச் செருகணும். மீன் சுருங்கி மடங்காம இருக்க, ரெண்டு பக்கமும் மெல்லிசான செடார் சிம்புகளைக் குறுக்கே வைக்கணும். பிளவின் மேல் முனையைக் கட்டிட்டு, அடி முனையை மண்ணில் நட்டு, நெருப்பைப் பார்த்துச் சாய்ச்சு வெச்சா முடிஞ்சது. நெருப்புக்கு மேலே இல்லை, நெருப்புக்குப் பக்கத்துல. இதுதான் முக்கியம். விறகு ஆல்டர் மரம். பைன் மாதிரி பிசின் இருக்கிற மரத்தை எரிச்சா அந்தப் பிசின் வாடை மீன்ல ஏறிடும். ஆல்டர்ல பிசின் கிடையாது, புகையும் லேசா இனிக்கிற மாதிரி இருக்கும்.

நம்ம எஞ்சினியரிங் மூளைக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்தச் சாய்ப்புதான். சால்மன் கொழுப்பு மீன். கிரில் மேல போட்டா கொழுப்பு சொட்டி, நெருப்பு பத்திக்கிட்டு, மீன் கரிஞ்சிடும். சாய்ச்சு வெச்சா கொழுப்பு குச்சி வழியா மண்ணுக்கு இறங்கிடும், மீனுக்கு வர்றது கதிர்வீச்சுச் சூடு மட்டும். சூட்டைக் கூட்டணுமா, குச்சியை இன்னும் கொஞ்சம் சாய். குறைக்கணுமா, நிமிர்த்து. ரெகுலேட்டர் கைவசம் இருக்கு, கரண்ட் பில் கிடையாது. காலேஜ்ல ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எடுத்தவர் இதை ஒரு உதாரணமாச் சொல்லியிருந்தா நான் இன்னும் நல்ல மார்க் வாங்கியிருப்பேன் :-)

ஆனா ஆத்துல மேல போகப் போக இந்த முறை எடுபடாது. ஏன்னா சால்மன் கடலை விட்டு ஆத்துக்குள்ள நுழைஞ்சதும் சாப்பிடறதை நிறுத்திடும். உடம்புல சேர்த்து வெச்ச கொழுப்பை எரிச்சுக்கிட்டேதான் மேலே ஏறும். முகத்துவாரத்துல பிடிச்ச மீன் நெய்யா இருக்கும், முன்னூறு கிலோமீட்டர் தாண்டிப் பிடிச்சது மெலிஞ்சிருக்கும். ரெண்டாவது, செலைலோ பக்கம் மரமே கிடையாது. மூணாவது, அந்த மலையிடுக்கு வழியா சூடான வறட்டுக் காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். கொழுப்பு குறைஞ்ச மீன், விறகு இல்லாத ஊர், ஓயாத காத்து. அங்கே இருந்தவங்க மீனைக் காத்துல காயவெச்சுப் பொடிச்சுட்டாங்க. சுட்டுத் தின்னது அன்னன்னிக்குப் பாட்டுக்கு, பொடிச்சது வருஷத்துக்கு.

இதைக் கண்ணால பார்த்து எழுதி வெச்சவர் வில்லியம் கிளார்க். 1805 அக்டோபரில் லூயிஸ்-கிளார்க் குழு இந்த வழியா வந்தது. அக்டோபர் 17ஆம் தேதி குறிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். யகிமா ஆறு கொலம்பியாவோட சேர்ற பகுதியில் ஒரு குடிசைக்குள்ள போறார். வீட்டுக்காரர் மிதந்து வந்த ஒரு பைன் கட்டையை எடுத்து, எல்க் கொம்பு ஆப்பையும் செதுக்கின கல் சம்மட்டியையும் வெச்சுப் பிளந்து, நெருப்பு மூட்டி, அதுமேல உருண்டைக் கற்களை அடுக்கறார். ஒரு பெண் கூடை நிறையத் தண்ணியும், பாதி காய்ஞ்ச ஒரு பெரிய சால்மனும் கொண்டு வர்றார். கல் காய்ஞ்சதும் அதை எடுத்துக் கூடைத் தண்ணியில் போடறாங்க. கொஞ்ச நேரத்துல மீன் வெந்துடுது. கோரைப்புல் தட்டுல எடுத்து வெச்சுப் பரிமாறறாங்க. யோசிச்சுப் பாருங்க, கண்ணுக்கு எட்டின தூரம் மரமே இல்லாத ஊர்ல, வழியில போற ஒருத்தனுக்காகக் கட்டையைப் பிளந்து சமைச்சிருக்காங்க. அந்த விருந்தாளியின் குழு என்ன பண்ணுச்சு? மறுநாளே நாப்பது நாய்களை விலைக்கு வாங்குச்சு, சாப்பிடறதுக்கு! அவங்களுக்குக் கிடைச்ச மீன் ரொம்ப மோசமா இருந்துச்சாம். (கிளார்க்குக்கு மட்டும் நாய்க்கறி பிடிக்காது. நம்மாளு.)

அஞ்சு நாள் கழிச்சு, அக்டோபர் 22, செலைலோ அருவி. பாறைகள் மேல புல்லும் கோரையும் சேர்த்துப் பின்னின கூடைகள். உள்ளே சால்மன் தோலை விரிச்சு, அதுல பொடிச்ச மீனை அமுக்கி அடைச்சு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு கூடையும் 90லிருந்து 100 பவுண்டு. கீழே ஏழு, மேலே அஞ்சுன்னு அடுக்கி, பாய் சுத்திக் கட்டியிருக்கும். வருஷக்கணக்கில் கெடாது. 107 அடுக்குகளை எண்ணினதாகவும், பத்தாயிரம் பவுண்டு மீன் இருக்கும்னும் கிளார்க் எழுதறார். இந்த இடத்துல என் கை கால்குலேட்டருக்குப் போயிடுச்சு. ஒரு அடுக்குக்குப் பன்னிரண்டு கூடைன்னா 107 அடுக்குக்கு லட்சம் பவுண்டைத் தாண்டும். 107ஐத் தொண்ணூறாலும் நூறாலும் பெருக்கினா 9,630ல் இருந்து 10,700. அதனால அவர் எண்ணினது அடுக்கை இல்லை, கூடையை. இது என் கணக்கு, தப்புன்னா பின்னூட்டத்துல காய்ச்சலாம்.

இந்த மீன்பொடிக்காக சமவெளியில் இருந்து எருமைத்தோல் வரும், கடற்கரையில் இருந்து சங்கு வரும், தெற்கே இருந்து ஆயுதம் செய்யற எரிமலைக் கண்ணாடிக்கல் வரும். கொலம்பியா பக்கத்துல பெரிய சந்தைன்னா அது செலைலோதான்.

இப்போ கொஞ்சம் கீழே, ஆறு கடலில் சேர்ற இடத்துக்கு வாங்க. 1811ல் அங்கே அஸ்டோரியா என்ற கோட்டையை ஒரு தோல் வியாபாரக் கம்பெனி கட்டுச்சு. அதுல குமாஸ்தாவா வந்த அலெக்சாண்டர் ராஸ், பின்னாடி 1849ல் ஒரு புத்தகம் போட்டார். சினூக் மக்கள் மீன் விக்கிறப்போ போட்ட கண்டிஷன்களை அதுல எழுதியிருக்கார். சீசன்ல முதல்ல வர்ற சால்மனைக் குறுக்கே வெட்டக் கூடாது. வேகவைக்கக் கூடாது, நெருப்புல சுடத்தான் செய்யணும். இதயத்தை எடுத்துட்டுத்தான் விப்பாங்க. ராத்திரி தாண்டி வெச்சிருக்கக் கூடாது, பிடிச்ச அன்னிக்கே தின்னு தீர்க்கணும். இந்த விதியெல்லாம் சுமார் பத்து நாளைக்கு.

கோட்டைக்காரங்களுக்கு இது மூடநம்பிக்கையாத்தான் பட்டிருக்கும். ஆனா கொஞ்சம் நிதானமா அந்த விதிகளைப் பாருங்க. ராத்திரிக்கு வெச்சிருக்கக் கூடாதுன்னா காயவைக்க முடியாது. காயவைக்க முடியலைன்னா சேமிக்க முடியாது. சேமிக்க முடியலைன்னா அன்னிக்குத் தேவையானதுக்கு மேல பிடிச்சுப் பிரயோஜனம் இல்லை. ஆக, முதல் பத்து நாள் வர்ற மீன் கூட்டத்துல பெரும்பகுதி வலையில மாட்டாம மேலே போயிடும், முட்டை போடும், மேலே இருக்கற ஊர்க்காரனுக்கும் கிடைக்கும். 'சுடத்தான் வேணும்' என்ற சமையல் விதி மீன்பிடிச் சட்டமா வேலை செய்யுது. எர்னா குந்தர் என்ற மானிடவியலாளர் 1920களில் இந்த முதல் சால்மன் சடங்கைப் பத்தி எழுதியிருக்கார். கலிஃபோர்னியாவில் இருந்து மேலே வரைக்கும் ஏதோ ஒரு வடிவத்துல இது இருந்திருக்கு. பல ஊர்ல மீனைப் பகிர்ந்து சாப்பிட்டுட்டு எலும்பை மறுபடி ஆத்துலயே விட்டுடுவாங்க. இந்தச் சடங்கை யோசிச்சவங்க மீனை எண்ணி வெச்சுத்தான் யோசிச்சாங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா விளைவு அதுதான்.

இனிமேதான் மேட்டரே.

1854, 1855ல் வாஷிங்டன் பிரதேச கவர்னர் ஐசக் ஸ்டீவன்ஸ் ஊர் ஊராப் போய் ஒப்பந்தம் போட்டார். நிலத்தை எல்லாம் எழுதிக் கொடு, சின்ன ரிசர்வேஷன்ல போய் இரு. பூர்வகுடிகள் ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக் கொடுக்கலை. வழக்கமா மீன் பிடிக்கிற இடத்துல எல்லாம், அது ரிசர்வேஷனுக்கு வெளியே இருந்தாலும், மீன் பிடிக்கிற உரிமை எங்களுக்கு வேணும். சரின்னு எழுதினாங்க. கூடவே 'மற்ற குடிமக்களோடு பொதுவாக' என்ற அர்த்தத்துல ஒரு வரியையும் சேர்த்தாங்க. 1854 டிசம்பர் 26 மெடிசின் கிரீக் ஒப்பந்தத்துல இருக்கு, 1855 ஜூன்ல யகாமா, உமடில்லா, நெஸ் பெர்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் ஒப்பந்தங்களிலும் இருக்கு. சியாட்டில் பக்கத்துப் பேச்சுவார்த்தை எந்த மொழியில நடந்துச்சு தெரியுமா? சினூக் ஜார்கன். வியாபாரத்துக்காக உருவான, சில நூறு வார்த்தைகளே இருந்த கலப்பு மொழி. சந்தையில மீன் விலை பேசற மொழியில சொத்துரிமைச் சட்டத்தை விளக்கியிருக்காங்க. அந்தப் 'பொதுவாக' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு முடிவாக 120 வருஷம் ஆச்சு.

அதுக்குள்ள ஆத்துக்கு என்ன ஆச்சு? 1866ல் கொலம்பியாவில் முதல் டின் மீன் ஆலை. 1883ல், ஒரே வருஷத்துல சுமார் 4.3 கோடி பவுண்டு சினூக் சால்மன் பிடிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் சரிவு. ஆத்து வேகத்துலயே ராட்டினம் மாதிரி சுத்தி மீனை வாரி எடுக்கிற மீன்சக்கரங்கள் வந்தது. வினன்ஸ் சகோதரர்கள் செலைலோ பக்கம் கரையோர நிலத்தை வாங்கி, சக்கரத்தை நட்டு, வேலியும் போட்டு, யகாமா ஆட்களை உள்ளே விட மாட்டேன்னுட்டாங்க. கேஸ் 1905ல் உச்ச நீதிமன்றத்துல முடிஞ்சது. எட்டுக்கு ஒண்ணுன்னு பூர்வகுடிகள் ஜெயிச்சாங்க. அந்தத் தீர்ப்பின் தர்க்கம் அழகு: இந்த உரிமை அரசாங்கம் அவங்களுக்குக் கொடுத்தது இல்லை, அவங்க தங்கள் உரிமைகளில் பலதைக் கொடுத்துட்டு இதை மட்டும் தங்களிடமே வெச்சுக்கிட்டாங்க. இதை இன்னைக்கு வரைக்கும் வக்கீல்கள் மேற்கோள் காட்டறாங்க.

ஆனா வேலியை எடுக்கச் சொல்லலாம். அணையை?

1938ல் பான்னவில் அணை. அப்புறம் கிராண்ட் கூலி. அதுல மீன் ஏற வழியே வைக்கலை, அதுக்கு மேல இருந்த ஆறு முழுக்க சால்மனுக்குக் கதவடைப்பு. கெட்டில் அருவி முங்கறதுக்கு முன்னாடி, 1940 ஜூனில், அங்கே மக்கள் கூடி அழுதாங்க. அந்த நிகழ்ச்சிக்குப் பேரே 'கண்ணீர்ச் சடங்கு'. மறு வருஷம் வுடி கத்ரி என்ற பாடகரை அரசாங்கம் ஒரு மாசச் சம்பளத்துக்கு, 266 டாலர் சொச்சத்துக்கு எடுத்து, அணையைப் புகழ்ந்து 26 பாட்டு எழுத வெச்சுது. பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுவும் ஒரு வேதனை. கல்லணையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அணைன்னா கையெடுத்துக் கும்பிடத்தான் தோணும், எனக்கும் அப்படித்தான். கொலம்பியா அணைகள் கரண்ட் கொடுத்தது, பாசனம் கொடுத்தது, இல்லைன்னு சொல்ல முடியாது. விலை யார் கொடுத்தாங்கன்னும் சேர்த்துப் பார்க்கணும், இல்லையா?

செலைலோவில் அருவிக்கு மேலே மரச்சாரம் கட்டி, இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு, நீளக் கம்பு வலையால மீனை அள்ளுவாங்க. எப்போ ஆரம்பிக்கணும், எப்போ நிறுத்தணும்னு சொல்றதுக்கு ஒரு 'சால்மன் தலைவர்' உண்டு. கடைசியா அந்தப் பொறுப்புல இருந்தவர் டாமி தாம்ஸன். ரொம்ப வயசானவர். தன் அருவியைக் காசுக்கு விட்டுக் கொடுக்க மாட்டேன்னு கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடலை. நாலு பழங்குடி அரசுகளுக்கும் சேர்த்து நஷ்ட ஈடு சுமார் 2.7 கோடி டாலர். 1957 மார்ச் 10, த டால்ஸ் அணையின் மதகுகளை மூடினாங்க. கரையில பெருங்கூட்டம் நின்னு பார்த்துக்கிட்டிருந்தது. சில மணி நேரத்துல அருவிச் சத்தம் நின்னு போச்சு. பல ஆயிரம் வருஷமா கேட்ட சத்தம். அந்த இடத்துக்கு அவங்க வெச்சிருந்த பேர் வையம், பாறையில் தண்ணி மோதற ஒலின்னு அர்த்தம் சொல்லுவாங்க (நம்ம 'வையம்' இல்லை, தமிழ்தான் எல்லாத்துக்கும் மூலம்னு யாரும் கிளம்பிடாதீங்க). டாமி தாம்ஸன் அப்போ ஒரு முதியோர் இல்லத்துல இருந்தார். 1959ல் இறந்து போனார்.

அணையில இருந்து கொஞ்ச தூரத்துல, த டால்ஸ் ஊரில், 2006ல் கூகுள் தன்னோட டேட்டா சென்டரைத் திறந்தது. அந்த ஊரைத் தேர்ந்தெடுக்க மலிவான நீர்மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். செலைலோ பத்தி நான் கூகுள்ல தேடினப்போ அந்தத் தேடல் எந்த ஊர் வழியா போச்சோ, யாருக்குத் தெரியும்.

வடக்கே, சியாட்டில் பக்கத்து ஆறுகளில் சண்டை வேற மாதிரி நடந்தது. மாநில அரசு, மீன் குறைஞ்சு போச்சு, பாதுகாக்கணும்னு சொல்லி, பூர்வகுடிகள் வலை போட்டா கைது பண்ணுச்சு. கடல்ல பெரிய படகுகள் அள்ளிக்கிட்டுப் போனது போக மிச்சம் ஆத்துக்குள்ள வர்றதைத்தான் இவங்க பிடிச்சாங்க, ஆனா பாதுகாப்பு நடவடிக்கை மட்டும் இவங்க மேல. நிஸ்குவாலி ஆத்துல பில்லி ஃபிராங்க் ஜூனியர் முதல் தடவை கைதானது 1945ல், வயசு பதினாலு. அதுக்கப்புறம் அம்பது தடவைக்கு மேல. தெற்கே உள்ளிருப்புப் போராட்டம் மாதிரி இங்கே 'மீன்பிடிப்புப் போராட்டம்'. 1964 மார்ச் 2ல் புயாலப் ஆத்துல வலை போட்டு பிராண்டோ கைதானார். சீக்கிரமே விட்டுட்டாங்க, ஆனா நாடு முழுக்கப் பேப்பர்ல வந்துடுச்சு. 1970 செப்டம்பர்ல புயாலப் கரையில முகாம் போட்டிருந்தவங்க மேல போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி, அறுபது பேரு கிட்ட கைது செஞ்சுது.

இதே காலத்துல நடந்த இன்னொரு கூத்தைச் சொல்லணும். 1962ல் சியாட்டில் உலகக் கண்காட்சி. அதே வருஷம், பக்கத்துல பிளேக் தீவுல 'டில்லிகம் வில்லேஜ்' என்று ஒரு சுற்றுலா விருந்து மண்டபம் திறந்தாங்க. திறந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கேட்டரிங்காரர். செடார் குச்சி, ஆல்டர் நெருப்பு, சுத்தி வரிசையா சாய்ச்சு வெச்ச சால்மன், எல்லாம் அச்சு அசல். 1993ல் கிளின்டன் ஆசிய-பசிபிக் நாட்டுத் தலைவர்களைக் கூட்டிக்கிட்டு வந்து கூட்டம் நடத்தினதும் அங்கேதான். அறுபதுகளில் டூரிஸ்ட் டிக்கெட் வாங்கி அந்த மீனை ரசிச்சுக்கிட்டிருக்கறப்போ, ஒரு மணி நேர தூரத்துல அதே மீனைப் பிடிச்சவனை விலங்கு போட்டு இழுத்துக்கிட்டுப் போறாங்க. சமையல் முறை எல்லாருக்கும் பிடிச்சிருந்தது, சமைச்சவனைத்தான் பிடிக்கலை.

1974 பிப்ரவரி 12. நீதிபதி ஜார்ஜ் போல்ட். ஐசனோவர் காலத்துல நியமனமானவர், கெடுபிடியான ஆள்னு பேர். பூர்வகுடிகளுக்கே பெரிய நம்பிக்கை இருந்திருக்காது. பார்பரா லேன் என்ற மானிடவியலாளர் ஒப்பந்தம் போட்ட நாளில் யார் எந்த ஆத்துல எப்படி மீன் பிடிச்சாங்க, சினூக் ஜார்கன்ல என்ன சொல்லியிருக்க முடியும் என்றெல்லாம் அறிக்கை எழுதிச் சாட்சி சொன்னார். போல்ட் அகராதியைப் பார்த்து, 'பொதுவாக' என்றால் சரிபாதின்னு தீர்ப்புச் சொன்னார். பிடிக்கக் கூடிய மீனில் பாதி அவங்களுக்கு. நியாயமான ஒரு அகராதி இருந்தா ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை வரும்னு பாருங்க. வெளியில பெரிய கலாட்டா. நீதிபதியின் கொடும்பாவியைத் தூக்குல தொங்கவிட்டாங்க, கார் பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டினாங்க. 1979 ஜூலை 2ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செஞ்சது. பில்லி ஃபிராங்க் அதுக்கப்புறம் அதே மாநில அதிகாரிகளோட ஒரே மேசையில உக்காந்து ஆறுகளை நிர்வாகம் பண்ணினார். 2014ல் இறந்தார்.

கொலம்பியா பக்கம் ஜெயிச்சவர் கதை வேற. டேவிட் சோஹாப்பி 1968ல் போட்ட கேஸ்ல, மறு வருஷமே பூர்வகுடிகளுக்கு நியாயமான பங்கு உண்டுன்னு தீர்ப்பு வந்தது, போல்ட் தீர்ப்புக்கு முன்னோடி அதுதான். அதே சோஹாப்பியை 1980களில், சீசன் இல்லாத நேரத்துல பிடிச்சு முன்னூத்திச் சொச்சம் மீன் வித்தார்னு, ரகசிய போலீஸ் வெச்சுப் பிடிச்சு, அஞ்சு வருஷத் தண்டனை கொடுத்தாங்க. உடம்பு கெட்டு 1988ல் வெளியே வந்தார், 1991ல் போய்ச் சேர்ந்தார். முன்னூறு மீனுக்கு அஞ்சு வருஷம். 4.3 கோடி பவுண்டுக்கு எத்தனை வருஷம்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன், எழுத மனசு வரலை.

செலைலோ அருவியை வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்கன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருந்தது. முங்கி அம்பது வருஷம் ஆன சமயத்துல, ராணுவப் பொறியாளர்களே சோனார் வெச்சு அடியில பார்த்தாங்க. படம் 2008ல் வெளிவந்தது. பாறைகள் அப்படியே இருக்கு. கரையில செலைலோ கிராமமும் இருக்கு. ஏப்ரலில் நடக்கிற முதல் சால்மன் விருந்துக்கு நம்மை மாதிரி வெளியாட்களையும் விடறாங்க. போறவங்க வண்டியை ஓரமா நிறுத்திட்டு, சடங்கு முடியற வரைக்கும் கேமராவை உள்ளே வெச்சிருங்க.

இங்கே இருந்து தெற்கே கிளமத் ஆறு. அங்கே யுரோக் மக்களுக்குக் குச்சி செடார் இல்லை, ரெட்வுட். மத்தபடி அதே நெருப்புக் குழி, அதே சாய்ப்பு. 2002ல் தண்ணி குறைஞ்சு சூடாகி, அந்த ஆத்துல பல்லாயிரம் சால்மன் ஒரே சமயத்துல செத்து மிதந்தது. இருபது வருஷத்துக்கு மேல போராடினாங்க. 2023ல் யுரோக்கின் வருஷாந்திர சால்மன் திருவிழாவே சால்மன் இல்லாம நடந்தது. ஆத்துல மீன் அவ்வளவு குறைவு, இருக்கறதை விட்டுடலாம்னு அவங்களே முடிவு பண்ணினாங்க.

2023லும் 2024லும் கிளமத்தில் நாலு அணைகளை இடிச்சு எடுத்தாங்க. வேலை முடிஞ்சது 2024 அக்டோபர் ஆரம்பத்துல. அக்டோபர் 16ஆம் தேதி, எல்லாத்துக்கும் மேலே இருந்த அணையையும் தாண்டி, ஆரிகன் பக்கத்துல ஒரு கிளை ஓடையில் சினூக் சால்மனைப் பார்த்தாங்க. அந்தப் பக்கம் 1912க்கு அப்புறம் முதல் தடவை. அங்கே இருக்கிற கிளமத் பழங்குடிகளுக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு, 1864ல் போட்டது, மீன்பிடி உரிமை அதுலயும் எழுதியிருக்கு. சால்மன் பிடிக்கிற உரிமை காகிதத்துல இருந்தும் நூத்திப் பத்து வருஷத்துக்கு மேல ஆத்துல சால்மன் இல்லை.